தெரு சார்பாக ஊதியவர்

கீழ் வீட்டிலிருந்து துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கும் சத்தம் கேட்டது. ஹென்றி இரும்புக் குண்டைக் காற்றிலேயே நிறுத்தப் பார்த்தார். அது நிற்கவில்லை. கையிலிருந்து நழுவித் தரையில் தொம்மென்று உட்கார்ந்தது.

“ஹென்றியண்ணே!” நவ்ரீனின் குரல் ஜன்னல் வழியாக ஏறி வந்தது. “மேலேர்ந்து சுண்ணாம்பு கொட்டுதுண்ணே. ரூஹி இப்ப தான் கண்ண மூடுனா. ராத்திரி பூரா அவளுக்கு மூச்சு மெஷின் வெச்சுகினு குந்தினு இருந்தேன்!”

“சாரிம்மா. இனிமே சத்தம் வராது.”

மனைவி அடைக்கலமேரி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். “வேல போன மனுசன் மாதா கோயிலுக்குப் போவான். நீ இன்னாடான்னா கைப்பிடி வெச்ச பீரங்கிக் குண்டத் தூக்கினு வந்துகீற.”

“இதுக்குப் பேரு கெட்டில்பெல்.”

“பேரு வெச்சா மட்டும் சோறு போடுமா?”

போடும் என்றுதான் ஹென்றி நம்பினார்.

துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலோடு சேர்த்துக் கம்பியால் இறுக்குவது அவர் வேலை. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அடுக்கின் மேல் ஏறியவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு விசில் அடித்தது. “நாளைலேர்ந்து வர வாணாம்” என்று கான்ட்ராக்டர் கீழேயிருந்தே சொல்லிவிட்டார். ஏறி வந்து சொல்லும் மரியாதைகூட இல்லை.

அதன் பிறகு ஹென்றி தெருவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். தெருவின் பின்னாலிருந்த சிமெண்ட் யார்டில், லாரிகளை எடை போடும் மேடையில் உட்காரும் வேலைக்கு எழுதிப் போட்டார். மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உதைத்திருப்பார்கள். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை யார்டுத் தூசியில் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் இறங்குகிற தெரு அது. திருநீற்றுப் புதனன்று சாமியார் நெற்றியில் பூசுவதற்கு முன்பே எல்லார் தலையிலும் சாம்பல் இருக்கும்.

இந்த வருடம் அந்தப் புதன்கிழமைதான் தெருச் சங்கத் தலைவர் கிருஷ்ணப்பன் ஸ்கூட்டரில் போகிறபோக்கில் கத்தினார்.

“ஹென்றி! ஈஸ்டர் முடிஞ்சு யார்டு ஆபீஸ்ல மூச்சு டெஸ்ட்டு. டாக்டருங்க வர்றாங்கோ. தெரு சார்பா உன் பேரத் தான் குடுத்துக்கிறோம். போய் ஊதிட்டு வந்துடு!”

“எடை மேடைக்கா?” என்று ஹென்றி கேட்பதற்குள் டிரெய்லர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நடுவில் புகுந்தது. லாரி போனபோது ஸ்கூட்டரும் போயிருந்தது.

வீட்டுக்கு ஓடிப் போய் மனைவியிடம் சொன்னார். “தெருவே எனக்குச் சிபாரிசு பண்ணிகீது மேரி. டெஸ்ட்டுல தேறிட்டா வேல நமக்கு தான்.”

“ஒரு மாடி ஏறுனாலே உனக்கு விசிலடிக்குதே?”

அதற்காகத்தான் வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஹுமாயூனிடம் போனார். துறைமுகத்தில் கூட வேலை செய்த தோஸ்து. குண்டையும் கொடுத்து, போனில் பயிற்சி வீடியோவையும் ஏற்றிக் கொடுத்தான்.

தரை அதிர்ந்த அன்று ஹென்றி அவனுக்குப் போன் போட்டார். ஹுமாயூன் சிரித்தான். “நீ இன்னும் பழைய ப்ரோக்ராமையா பண்ணிகினு கீற? அத்த அப்டேட் பண்ட்டாங்க மாமு. இப்ப குண்டு முக்கியமில்ல, மூச்சு தான் முக்கியம். குண்டு கீழ போவசொல்ல மூக்கால இழு. மேல வரசொல்ல பல்லக் கடிச்சிகினு ஸ்ஸ்னு வுடு. குக்கரு மாதிரி. அப்பால மூச்ச அடக்கிகினு நில்லு.”

மறுநாள் ஹென்றி தரையில் மெத்தையை விரித்து, அதன் மேல் நின்று குக்கர் மாதிரி விட்டார். உள்ளே அடைக்கலமேரி விசில் வந்துவிட்டதென்று அடுப்பை அணைத்தாள். மத்தியானம் சோறு நறுக்கு நறுக்கென்று இருந்தது.

அதற்கடுத்த நாள் மெத்தையில் கால் புதைந்து, குண்டு பறந்து, குடிதண்ணீர் டிரம்மின் வயிற்றில் இறங்கியது. லாரியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீர் மொத்தமும் தரை விரிசல் வழியாக நவ்ரீன் வீட்டில் மழையாகப் பெய்தது.

இந்த முறை நவ்ரீன் கத்தவில்லை. மேலே ஏறி வந்து, நனைந்த தலையணையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

“மொட்ட மாடிக்குப் போ” என்றாள் அடைக்கலமேரி. “இல்ல, கடலுக்குள்ள போ.”

மொட்டை மாடியில் மூக்கால் இழுத்தால் சிமெண்ட் வந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கட்டியது. ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டார். ஸ்ஸ் என்று விட்டார். பிறகு மூச்சை அடக்கி, கண்ணை உருட்டிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து அசையாமல் நின்றார்.

எதிர் வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மச்சான் பென்னி அதைப் பார்த்தான்.

“அய்யோ, மாமாவுக்கு நெஞ்சு வலி!”

நான்கு பேர் வந்து ஹென்றியைத் தூக்கினார்கள். மூச்சை அடக்கும்போது பேசக்கூடாது என்று அப்டேட்டில் சொல்லியிருந்தார்கள். பேசலாம் என்று அவர் முடிவு செய்தபோது ஆட்டோ பாதி வழி போயிருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க” என்றார்கள்.

ஆனால் தெரு வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பேசாதவர்களெல்லாம் பார்க்க வந்தார்கள். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் மேசையில் குவிந்தன. எல்லார் முகத்திலும் கவலையைவிட மலர்ச்சிதான் அதிகம் தெரிந்தது.

கிருஷ்ணப்பன் கட்டிலருகே உட்கார்ந்து ஹென்றியின் கையைப் பிடித்துக்கொண்டார். “பீடிய வுட்டுட்டியாமே? இப்ப போய் இன்னாத்துக்கு? குண்டெல்லாம் தூக்கி உடம்ப வருத்திக்காத. டெஸ்ட்டு முடியற வரைக்கும் சும்மா படுத்துகினு இரு.”

அவர் போனதும் ஹென்றி எழுந்து உட்கார்ந்தார். “பாத்தியா மேரி? தன் ஆளு எவனையோ அந்த வேலைல நுழைக்கப் பாக்குறான். அதான் என்னப் படுக்கச் சொல்றான்.”

“கலீஜ் பய” என்றாள் அடைக்கலமேரி. முதன்முறையாக அவர் பக்கம் நின்று பேசினாள்.

அன்றிலிருந்து ஹென்றி குண்டை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு விடிகாலையில் கடற்கரைக்குப் போனார். அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு நடுவே நின்று தூக்கினார். அங்கே கடல் காற்று மட்டும்தான். மூக்கால் இழுத்தால் வயிறுவரை போனது. மீன்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்க மறந்துபோனார்கள்.

தவக்காலம் முடிவதற்குள் மாடிப்படியில் விசில் நின்றுவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்து, மூச்சு வாங்காமல் மனைவியோடு சண்டை போட்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

“இன்னா?”

“ஒண்ணுமில்ல. கல்யாணத்தப்ப இப்டி தான் கத்துவ.”

டெஸ்ட் அன்று ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். யார்டு ஆபீஸ் வாசலில் பாதித் தெரு நின்றது. தனக்காகத்தான் இத்தனை கூட்டமா என்று சட்டைக் காலரை நேராக இழுத்துவிட்டுக்கொண்டார்.

டாக்டர் ஒரு குழாயை நீட்டினார். “முடிஞ்ச அளவுக்கு ஊதுங்க. முடியலன்னா விட்டுடுங்க.”

ஹென்றி மூக்கால் இழுத்தார். வயிற்றை இறுக்கினார். போன வேலை, கீழேயிருந்து கத்திய கான்ட்ராக்டர், உடைந்த டிரம் எல்லாவற்றையும் சேர்த்து ஊதினார். டாக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் ஊதினார்.

“பிரமாதம்! வாலிபப் பையன் நெஞ்சு மாதிரி இருக்கு” என்று டாக்டர் வாசல்வரை கேட்கும்படி சொன்னார்.

யார்டு மேனேஜர் பகலவன் பாய்ந்து வந்து கை குலுக்கினார். குலுக்கிய கையை விடவே இல்லை. “ரொம்ப நன்றி சார். ரொம்ப ரொம்ப நன்றி.”

“எப்பலேர்ந்து வேலைக்கு வரணும் சார்?”

“வேலையா? எந்த வேலை?” என்றார் பகலவன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஹென்றி வெளியே வந்தார். யாரும் கை தட்டவில்லை. கிருஷ்ணப்பன் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார். பென்னி தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். ஒவ்வொருவராகக் கலைந்து, கடைசியில் தோளில் ரூஹியோடு நவ்ரீன் மட்டும் நின்றாள். குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா ஆச்சு?” என்றார் ஹென்றி. “நான் தேறிட்டேனே!”

நவ்ரீன் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“சிமெண்ட் யார்ட இங்கேர்ந்து தூக்கணும்னா தூசியால நெஞ்சு கெட்ட ஒருத்தரக் காட்டுங்கன்னு கவர்மெண்ட்ல சொன்னாங்கண்ணே, தெருவுலயே உங்க நெஞ்சு தான் ரொம்ப மோசம்னு நாங்க எல்லாரும் சேந்து உங்க பேரக் குடுத்தோம்.”