தூக்கத்துக்கு ஒரு பாடகி

லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்தார். பெண்டாட்டியிடம் பொய் சொல்வதானால் ஒரே ஒரு பொய்தான் சொல்வது; அதையும் ஆயுசுக்கும் தாங்குகிற மாதிரிச் சொல்வது.

காரணம் ஒரு குரல். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருந்தார் மனுஷர். காலுக்கடியில், லிஃப்டுக்குள் இருந்த ஸ்பீக்கர் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. ட்ரீம் பாப் என்று ஒரு வகையாம். தண்ணீருக்குள் கிதார் வாசிக்கிற மாதிரி, பக்கத்து வீட்டில் டிரம்ஸ் அடிக்கிற மாதிரி. நடுவே ஒரு பெண் அவசரமே இல்லாமல் பாடினாள். என்ன பாடினாள் என்று புரியவில்லை. யாருக்காகப் பாடினாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. பழுது இருபது நிமிஷத்தில் சரியாகிவிட்டது. இவர் கூரையைவிட்டு இறங்க இரண்டு மணி நேரம் ஆனது.

அன்று சாயங்காலமே வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு போனில் அந்தப் பாட்டுக் குழுவைத் தேடிப் பிடித்தார். திரை முழுக்கப் புகை. புகைக்குள் அவள். ஒரு கண்ணை முடி மறைத்திருந்தது. மறு கண் இவரையே பார்த்தது.

மனைவி வந்து நின்றாள். மழலையர் பள்ளி டீச்சர். முப்பது பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, மதியம் தூங்கவும் வைத்துவிட்டு வந்த களைப்பு.

"யாருங்க இது?"

"பாட்டு."

"பாட்டு தெரியுது. நடுவுல ஒரு பொண்ணும் தெரியுதே?"

"எனக்கு சரியா தூக்கம் வரதில்லம்மா. இந்த மாதிரிப் பாட்டு கேட்டா வரும்னு கம்பெனி டாக்டர் சொன்னார்."

"கேக்கச் சொன்னாரா, பாக்கச் சொன்னாரா?"

"கண்ணை மூடிட்டுத்தான் கேக்கணுமாம்."

"எங்க, மூடுங்க பாப்போம்."

மூடினார். மூடியதோடு விடாமல் ஒரு குறட்டையும் சேர்த்துக்கொண்டார். அவள் போர்வை கொண்டுவந்து கழுத்துவரை போர்த்தினாள். பாதத்தை மட்டும் வெளியே விட்டாள். கால் வேர்க்கக் கூடாதென்று என்ன அக்கறை! இவருக்கு மனசு உறுத்தியது. பாட்டு அடுத்த வரிக்குப் போனதும் உறுத்தல் நின்றது.

ஆறு மாசம் இப்படியே ஓடியது. தினமும் ஆறு மணிக்குப் பாட்டு, ஆறு ஐந்துக்குக் குறட்டை. ஆனால் தூங்குகிறவனுக்கு வீட்டில் ஓட்டுரிமை கிடையாது என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

"ஏங்க, எங்கண்ணன் வந்து கொஞ்ச நாள் தங்கட்டுமா?" என்று தலைமாட்டில் நின்று கேட்பாள். குறட்டை. "வேண்டாம்னு சொல்லலையே, அப்ப சரி."

மச்சான் வந்தார். நாற்பத்து மூன்று நாள் இருந்தார்.

"சுவருக்கெல்லாம் ஊதா அடிச்சிடலாமா?" குறட்டை. இப்போது சமையலறைகூட ஊதா. போகட்டும், அந்தக் குரலுக்காக எதைத்தான் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தச் சேதி வந்தது. குழு இந்த ஊருக்கே வருகிறதாம். ஒரே ஒரு நாள், சனிக்கிழமை ஆறரை மணி. ஒரு டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். சந்தேகம் வரக் கூடாதே என்று அன்றைக்கும் ஐந்து மணிக்கே படுத்தார். ஐந்தே காலுக்குப் போனில் அலாரம் அடிக்கும். எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று எழுந்து ஓடுவதாக ஏற்பாடு.

ஐந்து பத்துக்கு நாற்காலியில் தொங்கிய சட்டை சரசரத்தது. இவருடைய இதயம் ஆறாவது மாடியிலிருந்து ஒரே மூச்சில் தரைக்கு வந்தது.

அவள் தங்கைக்கு போன் போட்டாள்.

"அடியே, மாமா பையில ஒரு டிக்கெட்டுடி! ஆமா, அந்தப் புகைப் பொண்ணு கச்சேரிதான். பாவம், மருந்துன்னு நெனச்சு வாங்கிட்டார் போல. முதல் பாட்டுலயே தூங்கி விழுந்துடுவார்டி. அத்தனை பேர் நடுவுல இந்தக் குறட்டை விட்டா நம்ம மானம் என்ன ஆகறது? நான் போயிட்டு வந்துடறேன். அவர்கிட்டயா? கேக்கறேன், இரு. ஏங்க, நான் போகட்டுமா?"

கண்ணைத் திறந்தால் டிக்கெட்டைப் பிடுங்கிவிடலாம். ஆனால் டாக்டர், ஊதா, மச்சான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆறு மாசமாக ஒரு நாள்கூடத் தூங்கவில்லை என்று ஒப்புக்கொண்டவனை, எந்தப் பெண்டாட்டி கச்சேரிக்கு அனுப்பிவைப்பாள்?

நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு குறட்டை விட்டார். அவர் விட்டதிலேயே நீளமான குறட்டை அதுதான்.

"வேண்டாம்னு சொல்லலைடி," என்றாள் தங்கையிடம்.

ஐந்தே காலுக்கு அலாரம் அடித்தது. அவளே வந்து அணைத்தாள். அதே போனில் அந்தப் பாட்டைப் போட்டுத் தலைமாட்டில் வைத்தாள். புடவை மாற்றினாள். வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்.

"ஏங்க, போர்வையைக் காலுக்கும் சேத்து இழுத்து விட்டுக்கோங்க. தினம் முப்பது பிள்ளைங்களைத் தூங்க வைக்கறவ நான். நிஜமா தூங்கற பிள்ளை ஒண்ணுகூட இதுவரைக்கும் கட்டைவிரலால தாளம் போட்டதில்ல."

கதவு சாத்திக்கொண்டது. குறட்டை நின்றது. கட்டைவிரல் மட்டும் நிற்கவில்லை.