ஆர்த்திகாவின் அப்பா எழுதிய பரீட்சை

பரீட்சை எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பரீட்சை வைக்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று, பரீட்சைகள் இணைய வழியாக வீட்டுக்குள் நுழைந்த பிறகு நம் தெருக்களில் பெருகியிருக்கிறது. இவர் எழுத மாட்டார். எழுதுகிறவரைவிட அதிகம் வியர்ப்பார். பாடத்தில் ஒரு வரி தெரியாது. மோடத்தில் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்பது தெரியும். நான் இவருக்குத் துணைத் தேர்வர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அப்பாவாக இருப்பார்.

பசுமலையில் எங்களுக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கும் ஜெயபாண்டி இந்த இனத்தில் முதல் தரம். அவர் மகள் ஆர்த்திகா புள்ளியியலில் பட்டம் முடித்து, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு நுழைவுத்தேர்வு எழுதவிருந்தாள். வீட்டிலேயே, கேமரா முன்னால், இரண்டு மணி நேரம். எங்கிருந்தோ ஓர் அம்மாள் அதன் வழியே கண்காணிப்பார். அறைக்குள் வேறு ஆள் தெரியக்கூடாது, பக்கத்தில் வேறு குரல் கேட்கக்கூடாது. இரண்டு முறை எச்சரிப்பார்கள். மூன்றாவது முறை பரீட்சையையே மூடிவிடுவார்கள்.

இந்த விதியைப் படித்த நாளிலிருந்து ஜெயபாண்டி அலுவலகத்துக்கு லீவு போட்டார். இரண்டு கம்பெனியில் இணைய இணைப்பு வாங்கி, இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி மாற்றி, மவுஸ் கெட்டால் இன்னொரு மவுஸ், அதுவும் கெட்டால் மூன்றாவது மவுஸ் என்று வரிசையாக அடுக்கி, சுவரில் எழுத்தோ எண்ணோ இருந்தால் காப்பியடிப்பதாக நினைத்துவிடுவார்கள் என்று காலண்டரைக் கழற்றி, அடியில் கடைப்பெயர் அச்சடித்திருந்த குற்றத்துக்காகத் திருப்பரங்குன்றம் முருகனையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

ஆர்த்திகாவுக்கு ஒரு பழக்கம். கணக்குப் போடும்போது உதடு அசையும். அதுவும் ஆபத்து என்று, தினமும் மாலையில் மாதிரித் தேர்வு நடத்தினார். அவரே கண்காணிப்பாளர். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண் கீழே போகிறது, உதடு அசைகிறது, மூக்கைத் தொட்டாய் என்று குறித்துக்கொண்டே இருப்பார். மூன்று பாடம் பாக்கியிருக்கிறது, அதைப் படிக்க விடுங்கள் என்று அவள் கேட்டாள். பாடம் எங்கே ஓடிப்போகிறது? முதலில் பார்வை நேராக இருக்கட்டும் என்றார்.

அடுத்து தெரு. எதிர்வீட்டில் விருமாண்டி மாடி கட்டி, டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பேசி அன்று வேலையை நிறுத்த வைத்தார். மீன்காரர், பால்காரர், என் வீட்டு மிக்சி, எல்லாரிடமும் வாக்கு வாங்கினார். பரீட்சை நாளன்று இருந்த அமைதியைப் பசுமலை அதற்கு முன் கண்டதே இல்லை. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. ஜெயபாண்டியின் குரல்.

முதல் எச்சரிக்கை அரை மணி நேரத்தில் வந்தது. அடுக்களையில் அவர் மனைவி நாகஜோதி கரண்டியைக் கீழே வைத்ததற்கு, சத்தம் வரக்கூடாது என்று கதவுக்கு வெளியே நின்று அதட்டியிருக்கிறார். இரண்டாவதில் எனக்கும் பங்குண்டு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறினேன். அதற்கும் அவர் பரீட்சை அறையின் ஜன்னலோரம் ஓடிவந்து, "அண்ணே, மெதுவா ஏறுங்க" என்றார். உள்ளே கணினியிலிருந்து அந்த அம்மாளின் குரல்: இது இரண்டாவது எச்சரிக்கை.

வேறு யாராவது என்றால் ஓடி ஒளிந்திருப்பார்கள். துணைத் தேர்வர் பொறுப்பை ஏற்கிறவர். கதவைத் திறந்து நேரே உள்ளே போய், மகளின் தோளுக்கு மேல் குனிந்து, கேமராவைக் கும்பிட்டு, "மேடம், இனிமே சத்தம் வராதுங்க. நான் பொறுப்பு" என்றார்.

திரை அணைந்தது. இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது.

ஆர்த்திகா அழவில்லை. மூன்று மவுஸையும் மேசை ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தாள். "நீங்க நல்லாத்தான் எழுதுனீங்கப்பா. எனக்குத்தான் நேரம் பத்தல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஜெயபாண்டி வந்து என் மாடிப்படியில் உட்கார்ந்தார். "இவளுக்கு முன்னால எங்க வீட்ல யாருமே பரீட்சைனு ஒண்ணுல தேறுனதில்லண்ணே. அந்தப் பயந்தான்" என்றார். எனக்குக் கேலி செய்ய வரவில்லை.

அன்றே ஆர்த்திகா பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். அப்பா எந்த விடையும் சொல்லித்தரவில்லை, அவருக்கு எந்த விடையும் தெரியாது, அமைதியாக இருக்கச் சொல்லித்தான் சத்தம் போட்டார், பதிவைக் கேட்டுப் பாருங்கள் என்று. கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து வேறு தேதி கொடுத்தார்கள்.

இந்தத் தடவை ஏற்பாடு நாகஜோதியுடையது. அது ஒரே ஒரு ஏற்பாடு. "பரீட்சை முடியிறவரைக்கும் நீங்க கொட்டாம்பட்டியில எங்கண்ணன் வீட்டுல இருங்க" என்று கணவரைப் பஸ் ஏற்றிவிட்டார்.

அன்று எங்கள் தெருவில் யாரையும் யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. விருமாண்டி வீட்டில் டைல்ஸ் பல்லைக் கூசவைத்தது, மீன்காரர் அடிவயிற்றிலிருந்து கூவினார், நாய்கள் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொண்டன. ஆர்த்திகா உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டு, எல்லாக் கேள்வியையும் முடித்து வெளியே வந்தாள். சத்தம் தொந்தரவாக இல்லையா என்றேன். என்ன சத்தம் என்றாள்.

கொட்டாம்பட்டியில் நடந்ததை நாகஜோதியின் அண்ணன் தங்கப்பாண்டி பிறகு சொன்னார். மாப்பிள்ளை அந்த இரண்டு மணி நேரமும் தோட்டத்து மோட்டாரைப் போடவிடவில்லையாம். பிள்ளை பரீட்சை எழுதுகிறதாம். நாற்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

ஆர்த்திகாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜெயபாண்டி தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்து, "சீட்டு வாங்கிட்டோம்" என்றார். அந்தப் பன்மையை யாரும் திருத்தவில்லை.

நான் அப்படியில்லை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நல்லது. பக்கத்து அறையில் பிள்ளை படிக்கிறதா? கதவு சாத்தியிருக்கிறதா? இதை வாசிக்கிற நேரத்துக்குள், காப்பி வேண்டுமா, ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா என்று கேட்க ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லையா? எழுந்திருந்தால் சத்தமில்லாமல் உட்காருங்கள். கதவிடுக்கில் உங்கள் நிழலைப் பார்த்துப் பிள்ளை பெருமூச்சு விட்டாகிவிட்டது.