மூன்றாவது சோபா

"எனக்கு இதுதான் வேணும்" என்று மூன்றாவது சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் ஒரு வாத்தியார். கடை லோடுமேன் பதறி ஓடி வந்தான். அது விற்பதற்காக வைத்த சோபா இல்லை.

கல்லூரியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரம்மா செய்த ஏற்பாடு அது. முதலில் அசல் தோல் சோபா. அடுத்து, சீந்துவாரில்லாமல் கிடந்த துணி சோபா. அதை ஒட்டி, அதே துணியில், அதைவிட மட்டமாக, விலை மட்டும் கூடுதலாக இந்த மூன்றாவது. இதைப் பார்த்த கண்ணுக்கு இரண்டாவது லாபமாகத் தெரியும், தோலை மறந்துவிடுவார்கள் என்பது அந்தம்மா கணக்கு. தப்பித்தவறி யாராவது மூன்றாவதைக் கேட்டால் தட்டிக்கழிப்பது லோடுமேன் பொறுப்பு.

சரியாகச் செய்தால் சூப்பர்வைசர் வேலைக்கு அவன் பெயரையும் முதலாளியிடம் சொல்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். பீரோ சுமந்தே தேய்ந்த முதுகு அவனுக்கு. இனிமேல் பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் வாத்தியார் காதில், சோபாவில் மூட்டைப்பூச்சி என்று ஓதினான். அவர் துள்ளி எழுந்து போட்ட சத்தத்தில் கடையே காலியானது. மறுநாள் விலையை இன்னும் ஏற்றி எழுதினான். இவ்வளவு விலையென்றால் விஷயம் இல்லாமலா இருக்கும் என்று ஒரு பணக்காரம்மா ஜோடியாக இரண்டு கேட்டாள். கடைசியில் ஒரு காலின் ஆணியைக் கழற்றிவிட்டான். அதில் உட்கார்ந்து குப்புற விழுந்தவர் மேனேஜர்.

அதிசயமாக அவர் திட்டவில்லை. "போகட்டும் விடு. நாளைக்கு முதலாளி ஆள் எடுக்க வர்றாரு. இந்த வேலைச் சட்டையிலேயே வா. சம்பளம் கேட்டா கூச்சப்படாம கூட்டிச் சொல்லு" என்றார்.

மறுநாள் மூன்று பேர் நின்றார்கள். பட்டம் வாங்கிய பெண் ஒருத்தி. அடுத்து மேனேஜரின் மச்சினன், லோடுமேனைப் போலவே பத்தாவது பெயில், ஆனால் இஸ்திரி போட்ட சட்டை. அவனை ஒட்டி லோடுமேனை மேனேஜரே தோளைப் பிடித்து நிறுத்தினார். அவன் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னான். மச்சினன் குறைத்துச் சொன்னான். முதலாளி லோடுமேனைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், முகம் மலர்ந்தார். அந்தப் பெண்ணை அப்புறம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

புது சூப்பர்வைசரின் முதல் உத்தரவு: "அண்ணே, அந்தத் தோல் சோபாவ நாலாவது மாடியில இறக்கிட்டு வந்துடுங்க."

லோடுமேன் துண்டைச் சும்மாடாகச் சுற்றினான். "எனக்கு என்னக்கா குறைச்சல்? ஏன் என்னை எடுக்கல?" என்று கடை கூட்டுகிற அக்காவிடம் கேட்டான்.

அவள் மூன்றாவது சோபாவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டபடியே சொன்னாள்:

"உன்னை எடுக்கிறதுக்கா நிறுத்தினாங்க?"