உங்க அப்பாவைப் புதையுங்க

ஒரு மொழி சுத்தமாகத் தெரியாதவனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. கையைக் காலை ஆட்டித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் அடிபடுவான். இதை எருக்குழிக்குள் மல்லாந்து கிடந்தபோது தெரிந்துகொண்டேன்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஆற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நான் பி.ஏ. முடித்துவிட்டு (முடித்துவிட்டதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பேப்பர் பாக்கி) அக்கா வீட்டில் தின்று தூங்கிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்காரர் அணை வேலையில் குமாஸ்தா. ஒருநாள் சாயங்காலம் ஓர் அமெரிக்கரைப் பற்றிச் சொன்னார். பெங்களூருக்கு இயந்திர வேலையாக வந்திருக்கிறவர், பெயர் மெக்ரே. தண்ணீரில் முழுகப்போகிற ஊர் ஒன்றில் அவருக்கு ஒரு கல்லறையைத் தேட வேண்டுமாம்.

"அந்த ஊர்ல எல்லாரும் கன்னடக்காரங்க. உனக்குக் கன்னடம் வருமாடா?"

"தண்ணி பட்ட பாடு மாமா!" என்றேன்.

என் கன்னடத்தின் வரலாறு இதுதான்: ஓசூரில் ஒரு சிநேகிதன் வீட்டில் ஒரு கோடை விடுமுறை. அங்கே என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி "ஊட்ட ஆய்த்தா?" சாப்பிட்டாயா என்று அர்த்தம். ஆகவில்லை என்ற பதிலை மட்டும் அட்சர சுத்தமாகச் சொல்வேன்.

மறுநாள் காலையில் ஜீப்பில் போகும்போது மெக்ரே தன் கதையைச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். அவருடைய குடும்பத்தின் மூதாதை ஒருவன் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்கா போனானாம். அமெரிக்கா இங்கிலீஷ் ராஜாவின் கீழ் இருந்த காலம் அது. அவன் யாருடைய பிள்ளை என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. குடும்பத்தில் பாதிப்பேர் அவனைப் பிரபு வீட்டுப் பிள்ளை என்றார்கள். மீதிப்பேர், சிறையிலிருந்து கப்பலேற்றி விடப்பட்டவன் என்றார்கள். அவனுடைய தம்பி கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து, மைசூர்ச் சண்டையில் இந்தப் பக்கம் வந்து செத்துப்போனான் என்று ஒரு பேச்சு. அந்தத் தம்பியின் கல்லில் அப்பன் பெயர் இருக்கும் என்பது மெக்ரேயின் அக்காவுடைய நம்பிக்கை. ஆயுசு முழுக்க இதையே தேடிக்கொண்டிருந்த அக்கா இப்போது படுத்த படுக்கை.

"தண்ணீர் வருவதற்குள் பார்க்க வேண்டும். அவளுக்கும் அதிக நாள் இல்லை" என்றார்.

ஊருக்குள் நுழைந்தோம். பாதி வீடுகளுக்கு ஓடு இல்லை. கதவையும் நிலையையும் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுப்புக் கரி படிந்த சுவர்கள் வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றன.

பழைய கல்லறையெல்லாம் சிக்கண்ணா என்ற பெரியவருக்குத்தான் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தோம். கூரை பிரித்த ஒரு வீட்டின் நடுவில் கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். வாசலில் அவருடைய மகன் முனியப்பா நின்றான். முழங்கால் வரை மண். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவனைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று. கிழவர் மாதக்கணக்காக ஊரைவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னை இங்கேயே புதைச்சிட்டு நீங்க போங்க" என்பதுதான் அவர் பேச்சு. அன்று காலையில்கூட அப்பனும் மகனும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

நான் முன்னால் போய் நின்றேன். 'உங்க அப்பாவைச் சொல்லச் சொல்லுங்க, துரை அதுக்காகத்தான் வந்திருக்கார்' என்பதைக் கன்னடத்தில் சொல்ல வேண்டும். கன்னடத்தில் 'ஹேளு' என்றால் சொல்லு. 'ஹூளு' என்றால் புதை. இந்த வித்தியாசம் ஓசூரில் சாப்பாட்டுப் பேச்சில் வரவில்லை.

"நிம்ம அப்பன்ன ஹூளி. அதக்கே தொரெ பந்திதாரெ" என்றேன்.

உங்க அப்பாவைப் புதையுங்க. துரை அதுக்குத்தான் வந்திருக்கார்.

ஒருத்தரும் அசையவில்லை. (பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.) இன்னும் உரக்கச் சொன்னேன். "பேக, பேக" என்று சேர்த்துக்கொண்டேன். சீக்கிரம், சீக்கிரம். கட்டிலைக் காட்டிவிட்டு, ஆற்றங்கரைப் பக்கம் மண்ணையும் காட்டினேன். மெக்ரே மரியாதை தெரிந்த மனிதர். பெரியவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். அதே சமயம் டிரைவர், புதர் வெட்டுவதற்காகக் கொண்டுவந்த மண்வெட்டியையும் கடப்பாரையையும் ஜீப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

முதலில் ஒரு பெண் வீறிட்டாள். அடுத்தது முனியப்பாவின் கை. அந்தக் கை என் சட்டைக் காலரில் இருந்தது, பிறகு என் காதில் இருந்தது, பிறகு நான் தரையில் இருந்தேன். இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் எருக்குழி. நல்ல ஆழம். அதற்குள் என்னைப் போட்டுவிட்டு, டிரைவர் கையிலிருந்து பிடுங்கிய மண்வெட்டியாலேயே மண்ணைத் தள்ள ஆரம்பித்தான் முனியப்பா. விளையாட்டில்லை. அவன் அழுதுகொண்டே தள்ளினான். மண் என் வாயில் விழுந்தது. இருபத்திரண்டு வயதில், ஒரு பேப்பர் பாக்கியோடு, சாணத்துக்குள் சாகப்போகிறேன் என்று தெரிந்தது.

"ஐயோ! நான் சொல்லத்தாங்க சொன்னேன்! புதைக்கச் சொல்லலீங்க! அம்மா!"

உள்ளேயிருந்து கிழவரின் குரல் வந்தது. தமிழில்.

"யாருப்பா அது, தமிழ்ல அழுவறது?"

மண்வெட்டி நின்றது. முனியப்பா குழிக்குள் எட்டிப் பார்த்தான். அவனும் தமிழிலேயே கேட்டான்: "தமிழ் ஆளா நீ?"

"ஆமாங்க."

"அதையே தமிழ்ல கேட்டிருக்கலாம் இல்ல? வாரா வாரம் கிருஷ்ணகிரிச் சந்தைக்கு வர்றவங்கதானே நாங்க."

ஊர் முழுக்கத் தமிழ் பேசும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அவர்களே என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள். விஷயம் புரிந்த பிறகும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிழவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னை உற்றுப் பார்த்தார். "நீ சொன்னதுல தப்பு ஒண்ணுமில்ல. நானும் அதைத்தான் சொல்றேன். இவனுங்க கேக்க மாட்டேங்கறானுங்க" என்றார். முனியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு கிழவரே தடியை ஊன்றிக்கொண்டு எங்களைக் கூட்டிப்போனார். ஊர் இடுகாட்டை ஒட்டி, வேலிக்காத்தான் புதருக்குள் அந்தக் கல் கிடந்தது. மெக்ரே மண்டியிட்டுக் கைக்குட்டையால் எழுத்தைத் துடைத்தார். பெயர், பட்டாளத்தில் பதவி, செத்த வயது. கீழே ஒரே வரி: கூட இருந்த சிநேகிதர்கள் வைத்த கல். அப்பன் பெயர் இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. மெக்ரே என்பதிலும் ஒரு எழுத்து மாறி இருந்தது. அவர் அந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப விரலால் தடவினார்.

"என்னவாம்?" என்று கேட்டார் கிழவர். நான் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பன் பேரு தேடியா கடல் தாண்டி வந்தாரு?" கிழவர் தன் வீட்டு ஆட்களுக்கு நட்டிருந்த கற்களைத் தடியால் தொட்டுக்கொண்டே நடந்தார். "இது எங்கப்பன். இது அவரோட அப்பன். இது அவருக்கு மேல." இன்னும் இரண்டு கல்லைத் தொட்டார். அதற்கடுத்த கல்லிடம் நின்றுவிட்டார். "இது யாருன்னு எனக்கும் தெரியாது. எங்க ஆளுன்னு மட்டும் சொல்லுவாங்க."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று நான் சரியாக மொழிபெயர்த்த ஒரே பேச்சு. மெக்ரே தலையாட்டினார்.

கல்லை எடுத்துப்போகலாம் என்று முனியப்பா சொன்னான். தூக்க ஆள் தருவதாகவும் சொன்னான். மெக்ரே வேண்டாம் என்றார். "இவன் எங்கள் ஆள்தானா என்று நிச்சயமில்லை. வேறு யாருடைய பிள்ளையையோ நான் தூக்கிக்கொண்டு போகக் கூடாது."

கிழவருக்குக் கோபம். "ஜீப் இருக்குது, ஆள் இருக்குது, உட்டுட்டுப் போறாரே! எனக்கு முடிஞ்சா இத்தனையும் வாரிக்கிட்டுப் போவேனே!" இதை நான் மொழிபெயர்க்கவில்லை. மெக்ரே தன் அக்காவிடம் போய் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது.

மேட்டில் போட்ட புதுக் குடியிருப்புக்கு ஒருவழியாகக் கிழவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மழைக்கு முன்னால் அங்கேயே இறந்துபோனார். முனியப்பா என் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். பழைய இடத்தில் புதைக்க ஆபீசில் விடமாட்டேன் என்கிறார்களாம். மாமாவிடம் சொல்ல வேண்டுமாம். மாமா எங்கெங்கோ போய்க் கெஞ்சினார். கடைசியில் ஒரு அதிகாரி, "நான் இன்னிக்கு அந்தப் பக்கம் வரலை" என்று மட்டும் சொன்னார். அன்று பொழுது சாய்வதற்குள் கிழவரை அவருடைய அப்பனுக்குப் பக்கத்தில் வைத்தோம். நானும் மண் போட்டேன். கொஞ்ச தூரத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மழையில் எல்லாக் கல்லும் உள்ளே போய்விட்டது, வெள்ளைக்காரன் கல்லும்தான்.

அதிலிருந்து முனியப்பா வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு அழைப்பு வந்துவிடும். பேத்தி கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் யார் உறவு என்று விசாரித்தார். பரிமாறிக்கொண்டிருந்த முனியப்பாவின் மகன், சாம்பார் வாளியோடு நின்று, மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்:

"இவர்தாங்க, எங்க தாத்தா உசிரோட இருக்கும்போதே புதைக்க வந்தவரு!"

பெரியவர் தன் இலையை எடுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டார்.