சுவர் வழியாக வந்த ஆக்கிரமிப்பு

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கு அனைவரும், அதாவது நான், நலம். அங்கு நீயும் உன் மனைவியும் என் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே செல்கிறேன்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, என் கட்டிலைக் கிழக்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுவதென்று சென்ற திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு முடிவெடுத்தேன். முடிவு அன்றே அமலுக்கு வந்தது. இதை நீ பின்வாங்கல் என்று எண்ணக் கூடாது. எல்லையில் நிற்கும் படை இரண்டடி நகர்ந்து நிற்பது வேறு, ஓடுவது வேறு. அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று வண்டியோடு வந்து என்னையும் சாமான்களையும் உன் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போவதாக எழுதியிருந்தாய். வண்டி வேண்டாம். பதினெட்டு வருடமாகக் குடியிருக்கும் இந்தப் பன்னிரண்டாம் எண் அறையை விட்டு நான் ஓர் அங்குலம்கூட நகர மாட்டேன். நகர்ந்தால் ரொட்டிக்கடைக்காரன் ஜெயித்தான் என்று ஆகிவிடும்.

விவரம் உனக்கு அரைகுறையாகத் தெரியும், முழுதாகச் சொல்கிறேன். பக்கத்துப் பதிமூன்றாம் எண்ணில் ரொட்டிக்கடை. எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரே செங்கல் சுவர். ஆறு மாதத்துக்கு முன் அவன் புதிதாக ஓர் இரும்பு அடுப்பு வாங்கி, அதன் முதுகை அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தினான். விடியற்காலை நாலு மணிக்கு மூட்டுகிறான். ஒன்பது மணிக்கெல்லாம் என் பக்கச் சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கிறது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எல்லைத் தகராறுக் கோப்புகளைப் பார்த்தவன் நான். அடுத்தவன் பொருள் என் எல்லைக்குள் அனுமதியின்றி வந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. அது வேலிக்கல்லாக இருந்தாலும் சரி, வெப்பமாக இருந்தாலும் சரி. நேரே போய்க் கேட்டேன்.

"என்னப்பா, உன் சூட்டை எதுக்கு என் ரூமுக்கு அனுப்புற?"

"நான் எங்க சார் அனுப்புறேன்? அடுப்பு இந்தப் பக்கம்தானே இருக்கு. அது தானா போகுது."

"தானா போனா திருப்பிக் கூப்பிட்டுக்கோ."

"கூப்பிட்டா வர்றதுக்கு அது என்ன நாய்க்குட்டியா சார்?" என்றான். மாவுக் கையோடு சிரித்தான். அன்றைக்குத்தான் நான் போர் என்று தீர்மானித்தது.

பிறகுதான் உன்னைத் தொலைபேசியில் கேட்டேன். கொதிகலன் வேலையில் இருப்பவன் ஆயிற்றே என்று. நீ சொன்னது வரிக்கு வரி நினைவிருக்கிறது: "மாமா, உள்ள இருக்கிற துகள் எதுவும் இடம் மாறாது. ஒவ்வொண்ணும் நின்ன இடத்துலயே ஆடி, பக்கத்துல இருக்கிறதை இடிக்கும். அது அடுத்ததை இடிக்கும். அப்படியே சூடு இந்தப் பக்கம் வந்துடும்." இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் அலுவலகத்தில் கோப்பு நகர்ந்தது இப்படித்தான். ஒருவரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. கோப்பு மட்டும் மேசை மேசையாகக் கடைசி வரை போய்விடும். இரும்பு சுறுசுறுப்பான குமாஸ்தா, வந்ததும் தள்ளிவிடும். செங்கல் எங்கள் பிரிவு, மதியத்துக்குள் வரும். மரக்கட்டை எங்கள் மேலதிகாரி. அவரிடம் போனது வந்ததில்லை.

இவ்வளவு புரிந்தவன், "நடுவுல எதையாவது தடுப்பா வைங்க மாமா" என்று நீ சொன்னபோது என்ன செய்திருக்க வேண்டும்? மரப்பலகை வைத்திருக்கலாம், அட்டை வைத்திருக்கலாம். வீட்டிலேயே பலமான பொருள் எதுவோ அதை வைப்பதுதான் தடுப்பு என்று நினைத்து, இரும்பு பீரோவைச் சுவரோடு சுவராகத் தள்ளி நிறுத்தினேன். குறையை உன் பேரில் போடவில்லை. 'எதையாவது' என்று நீ சொன்னதை மட்டும் பதிவு செய்கிறேன். கட்டிலும் இரும்பு, அதன் தலைமாடு பீரோவைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆக, அடுப்பு சுவரை இடிக்க, சுவர் பீரோவை இடிக்க, பீரோ கட்டிலை இடிக்க, கடைசி மேசையில் நான் படுத்திருந்தேன். பீரோவில் இருந்த இருமல் மிட்டாய்கள் எல்லாம் ஒரே மிட்டாயாக ஐக்கியமாகிவிட்டன. முகத்துக்குப் போடும் களிம்பு எண்ணெயாகி, என் பணி ஓய்வு ஆணையின் மேல் படிந்து, அதில் என் பெயர் இருந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கட்டிலைத் தள்ளிப் போட்ட முடிவின் பின்னணி இதுதான்.

ஆனால் ஆதாரம் இல்லாமல் புகார் கொடுப்பவன் நானல்ல. ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுவரின் ஆணித் துளையில் செருகினேன். கம்பி நெடுக, இரண்டு விரல் இடைவெளியில், ஏழு சட்டைப் பொத்தான்களை வெண்ணெயால் ஒட்டினேன். வெண்ணெய் எதிரியின் கடையிலேயே வாங்கியது. சாட்சியம் சேகரிப்பதில் கூச்சம் பார்க்க முடியாது. என் புகாரின் பேரில் நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்து நிற்க, அவர் கண் முன்னாலேயே சுவருக்குப் பக்கத்துப் பொத்தான் முதலில் விழுந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, வரிசை தவறாமல்.

"அஞ்சாவது ஏன் சார் விழல?" என்றார்.

"அது இன்னும் சாட்சிக் கூண்டுல ஏறல. இருங்க, வரும்."

காத்திருந்ததுதான் தவறு. மனிதருக்கு நாள்பட்ட முதுகுவலியாம். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தார். சாய்ந்தவர் கண்ணை மூடினார்.

"சார், ஆக்கிரமிப்பு எப்படி இருக்கு பாத்தீங்களா?"

"ம்... பேசாதீங்க. இப்பதான் நடு முதுகுக்கு வருது."

முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து, "இது ஒரு நாள்ல முடியிற விசாரணை இல்ல" என்று எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விசாரணை. போன வாரம் இடுப்புப் பிடிப்புள்ள ஒரு சக ஆய்வாளரையும் அழைத்து வந்தார். இரண்டு பேரும் சொந்த நாற்காலிகளைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டுச் சாய்ந்திருக்கிறார்கள். புகார்தாரனான நான் என் அறையில் நின்றுகொண்டிருக்கிறேன். என் பதினோரு வருட மூட்டுவலி இந்த ஆறு மாதமாகக் காணவில்லை என்பதை அவர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். அது தற்செயல். கோப்பில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

எனவே மருமகனே, முதுமை, தனிமை, பிடிவாதம் என்று மூன்று காரணம் எழுதி என்னைக் கிளப்பப் பார்க்காதே. மூன்றும் உண்மை; மூன்றும் போதாது. நேற்று அவனிடம் போய், "அடுப்பை நகர்த்துற வரைக்கும் உன் கடை வாசல்லயே உட்காருவேன்" என்று சொல்லி, உட்கார்ந்தும் விட்டேன். இன்றும் போகிறேன். இந்த அறை என்னுடையது, இதன் சூடும் குளிரும் நான் தீர்மானிப்பது. உயிர் உள்ளவரை பன்னிரண்டாம் எண்தான்.

அக்காவுக்கு என் வணக்கம். உன் மனைவிக்கும் உனக்கும் மாமாவின் ஆசி. நீங்கள் நினைத்தது நடக்கட்டும், என்னைப் பற்றி நினைத்ததைத் தவிர.

இப்படிக்கு,
அசையாத மாமா

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். இதற்கிடையில் ரொட்டிக்கடைக்காரன் பணிந்துவிட்டான். ஆறு ஆட்களை வைத்து அடுப்பை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினான். எனக்கு முழு வெற்றி. மூன்றாம் நாள் காலையில் வாசல் படி இரண்டையும் இறங்க இருபது நிமிடம் ஆயிற்று. ரொட்டிக்கடைக்கு அந்தப் பக்கம் பதினான்காம் எண் அறை காலியாக இருக்கிறது. நேற்று பேசி முடித்துவிட்டேன். வண்டி வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். வரும்போது பீரோவைத் தூக்க இன்னும் ஒருவரை அழைத்து வா. கட்டிலை மேற்குச் சுவரை ஒட்டிப் போட வேண்டும். ஆய்வாளர்களின் இரண்டு நாற்காலிகள் அங்கே ஏற்கெனவே கிடக்கின்றன.