சின்ன எழுத்தில் எழுதிய தண்டனை

ஆஞ்சநேயர் துணை

சேலத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டு நியாயம் பேசும் என் மூத்த அண்ணா அவர்களுக்கு, புதுச்சத்திரத்துத் தங்கை பெருமாயி கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் இரண்டு எருமைகளும் நலம். அண்ணியாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

உங்கள் கடிதம் கண்டேன். மாப்பிள்ளை கழுத்தில் போர்டு மாட்டி ரோட்டில் நிற்பது குடும்பத்துக்கே தலைகுனிவு, மேல்கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணா. தப்பு நம்முடையதுதானே. போன ஆவணியில் பள்ளிக்கூடத்து முன்னால் பறந்து வந்த வண்டி அடுத்த வீட்டு நித்யஸ்ரீயின் காலை ஒடித்த பிறகு, வேகத்தடை கேட்டு மனு எழுதி எழுதி என் பேனா தேய்ந்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை என்று உங்கள் மாப்பிள்ளை தாமே சிமெண்டும் ஜல்லியும் வாங்கி ஒன்று போட்டார். (செலவை வீட்டுக் கணக்கில் 'சாமி காரியம்' என்று எழுதிக்கொண்டேன்.) போட்டவர் வெள்ளைப் பட்டை அடிக்க மறந்துவிட்டார். மயில்சாமியின் முட்டை வண்டி அதில் ஏறிக் குதித்து, ரோடே ஆம்லெட் ஆகிவிட்டது. அவன் கேஸ் போட்டது நியாயம், ரோட்டு ஆபீஸ்காரர்கள் தடையைப் பெயர்த்து எடுத்தது நியாயம், நீதிபதி அம்மா, "ஜெயில் வேண்டாம், தடை போட்ட இடத்திலேயே பத்து நாள் போர்டோடு நில்லுங்கள், ஊர் பார்க்கட்டும்" என்று சொன்னதும் நியாயம்.

ஆனால் ஊர் பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். முதல் நாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு அங்கம்மாள் சொம்பு நிறைய மோரோடு வந்தாள், டீக்கடைக்காரர் மாலையோடு வந்தார். காவலுக்கு நின்ற ஏட்டு மாதேஸ்வரன் பதறிப்போய், "ஏனுங்க, இது தண்டனைங்க! மாலையெல்லாம் போடக்கூடாதுங்க!" என்றார். "வெயில்ல நிக்கறவருக்கு மோர் குடுக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலீங்க சாமி இருக்குது?" என்று அங்கம்மாள் அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். சிரிக்கவென்றே வண்டியை ஓரம் கட்டிய மயில்சாமி தனியாகக் கொஞ்ச நேரம் சிரித்துப் பார்த்துவிட்டு, "ஏனக்கா, ஒருத்தருமே சிரிக்க மாட்டேங்கறாங்க?" என்றான். "முட்டை ஒடஞ்சது உனக்குத்தானே மயிலு, நீயே சிரிச்சுக்க" என்றாள் அவள். நாமக்கல் பக்கம் அழுகிய முட்டைக்கா பஞ்சம்? ஒன்றுகூட வந்து விழவில்லை. மூன்றாம் நாளிலிருந்து உங்கள் மாப்பிள்ளை சலவை வேட்டி கேட்கிறார்.

நான் அஞ்சாவதோடு நின்றவள், சட்டம் தெரியாது. ஆனால் ராமாயணம் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். வாலில் தீ வைத்துத் தெருத்தெருவாய் இழுத்துக் காட்டுங்கள் என்று ராவணன்தான் ஆஞ்சநேயருக்கு அவமானத் தண்டனை விதித்தான். மானம் போனது யாருக்கு? தண்டனை விதிப்பது கோர்ட்டு, அதை நிறைவேற்றுவது ஊர்தான் அண்ணா. ஏரியில் செத்த கோழி கொட்டியவனைக் கோர்ட்டு சின்ன அபராதத்தோடு விட்டது. ஊர் இன்னும் அவனைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறது.

இதில் பெரிய புண்ணியம் உங்களுக்குத்தான். மானம் காக்க வேண்டுமென்று வாதாடி, போர்டில் எழுத்தைச் சின்னதாகப் போட அனுமதி வாங்கினீர்களே! தூரத்திலிருந்து படிக்க முடியாமல் லாரி, பஸ், பைக் எல்லாம் பிரேக் போட்டு ஊர்ந்து வருகின்றன. ஒரு லாரி டிரைவர் தலையை நீட்டி, "'அனுமதியின்றி வேகத்தடை போட்டது என் குற்றம்'... அட, நல்லதுதானுங்களே பண்ணியிருக்கீங்க!" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு நிதானமாக ரோட்டைக் கடக்கிறார்கள். சிமெண்டால் ஆகாததை உங்கள் மாப்பிள்ளை நின்றே செய்துவிட்டார்.

ஆகையால் மேல்கோர்ட்டு வேண்டாம், வக்கீலும் வேண்டாம். இனி சட்டத்தை மீறி ஒரு சட்டி ஜல்லியும் கையால் தொடமாட்டேன் என்று அவர் ஆஞ்சநேயர் முன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். இனி நம் குடும்பத்தால் கோர்ட்டுக்கு வேலை இல்லை. அண்ணியாருக்கு என் கும்பிடு. பிள்ளைகள் வடைமாலை போல நிறைந்து வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கை பெருமாயி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் தண்டனை முடிந்துவிட்டது. மறுநாளே வண்டிகள் பழையபடி பறந்தன. ஒரு வேன் நித்யஸ்ரீயின் ஊன்றுகோலை உரசிக்கொண்டு போனது. இன்னும் பத்து நாள் நிற்கிறேன் என்று உங்கள் மாப்பிள்ளை கேட்டதற்கு, தண்டனை முடிந்த ஆளை மறுபடி நிற்கவைக்க வழியில்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். எனவே நானும் அங்கம்மாளும் இன்று காலை புதிதாக ஒரு வேகத்தடை போட்டுவிட்டோம். அவர் கை படவில்லை, சத்தியம் செய்தது அவர்தான், நான் இல்லை. இந்த முறை வெள்ளைப் பட்டையும் அடித்தாயிற்று. அடித்தது மயில்சாமி. பெயர்த்து எடுத்துக் கேஸ் போட்டால் போர்டோடு நான் நிற்பேன், எனக்குப் பிறகு அங்கம்மாள் நிற்பாள். உடனே கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பி வரவும். தயவு செய்து விடுதலை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள் அண்ணா. எழுத்து இன்னும் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும்.