தட்டின் மேல் குடும்பப் பாரம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல முடியாது. என் பெண்டாட்டி ஃபுசாயோ அடுத்த அறையில்தான் இருக்கிறாள். அவளுக்குப் பூனைக் காது.

என் பெயர் கென்சாகு. ஊர் ஜப்பானில் இம்பே. இன்பம் என்று காதில் வாங்கிவிடாதீர்கள். கல்யாணமானவன் யாரும் அப்படி வாங்குவதில்லை. நாங்கள் சுடுகிற மண்பாண்டத்துக்குப் பூச்சு கிடையாது, மினுக்கு கிடையாது. பன்னிரண்டு நாள் பைன் விறகு எரிப்போம். நெருப்பும் சாம்பலும் என்ன நிறம் கொடுக்கிறதோ அதுதான் நிறம். இத்தனை வருஷம் நெருப்போடு குடித்தனம் பண்ணியவன், பெண்டாட்டிக்கா பயப்படுவேன்? போன இலையுதிர் காலம்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூளை மூட்டுவது ஆண்டுக்கு ஒரே தடவை. அதனால் முன்கூட்டியே முழங்கிவிட்டேன்.

"ஃபுசாயோ, நல்லாக் கேட்டுக்கோ. இந்தத் தடவை வீட்டுச் சாமான் ஒண்ணுகூடச் சூளையில ஏறாது. பூராவும் பெரிய தட்டுதான். ஒகயாமா நகரத்துக் கடைக்காரர் கண்காட்சி வைக்கிறார். நான் யாருன்னு இந்த ஊருக்குக் காட்டணும்."

"எனக்குத் தெரியுமே நீங்க யாருன்னு."

அவள் குரலில் இருந்த இனிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

அவளுக்கு ஒரே குறை. குயவன் வீட்டில் நாலு பேரும் சாப்பிடுவது மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில். என்ன செய்ய? நல்ல உருப்படி கடைக்குப் போய்விடும். வீட்டுக்கு வருவது ஓட்டை ஜாடியும் கோணல் குடுவையும். அதில் குடை நிற்கும், துடைப்பம் நிற்கும், குழம்பு நிற்காது. கோடையில் வந்த அவள் தங்கை, கானாங்கெளுத்தி வறுவலைப் பிளாஸ்டிக்கில் பார்த்துவிட்டு, "அக்கா, மாமா பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போறாரா?" என்று கேட்டாள். ஃபுசாயோவுக்கு அன்றைக்கு மீன் இறங்கவில்லை. புத்தாண்டுக்கு அதே தங்கை குடும்பத்தோடு வருகிறாள்.

"நாலு சோத்துக் கிண்ணம், நாலு சின்னத் தட்டு. அவ்வளவுதாங்க கேட்டேன்."

"அடுத்த வருஷம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"சொன்ன சொல் மாற மாட்டேன்டி. அடுத்த வருஷம்னா அடுத்த வருஷம்தான்!"

சண்டை வரும் என்று தயாராக நின்றேன். வரவில்லை. "சரிங்க" என்றாள். அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

மறுநாள் தேநீர் கொண்டுவந்தவள் கேட்டாள்: "ஏங்க, இத்தனை பெரிய தட்டு வெறுமனே இருந்தா மொட்டையா இருக்காது? வட்டம் விழவைக்கலாமே?"

சூளைக்குள் தட்டின்மேல் மண் வில்லையை வைத்துவிட்டால், அது மறைத்த இடத்தில் சாம்பல் படாது. அங்கே மட்டும் குழந்தையைக் கன்னத்தில் கிள்ளினதுபோலச் சிவந்து நிற்கும். அந்த வில்லைக்குப் பேர் பாரம்.

"நல்ல யோசனை. நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றேன். நினைக்கவில்லை.

"பாரம் செய்யிற சில்லறை வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நீங்க பெரிய கை. நான் பார்த்துக்கிறேன்."

பெரிய கை! அந்தச் சொல்லிலேயே நான் அரைவேக்காடாகிவிட்டேன்.

சூளை அடுக்கும் நாள் வந்தது. சூளை வாசல் குறுகல். என் வயிறு விசாலம். ஆகவே உள்ளே தவழ்ந்து போய் அடுக்குவது எப்போதும் அவள்தான். நான் வெளியே நின்று தட்டுகளை நீட்டினேன். அவள் பக்கத்தில் துணி மூடின கூடைகள்.

"அதுல என்ன?"

"பாரம்."

"இவ்வளவா?"

"தட்டு ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு. வேண்டாம்னா எடுத்துடட்டுமா?"

"வை வை! ஒட்டிக்காம அடியில வைக்கோல் போடு. எவ்வளவு வேணா வை!"

நானே சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

பன்னிரண்டு நாள் எரித்தோம். ஒரு வாரம் ஆறவிட்டோம். சூளை திறக்கும் அன்று ஒகயாமா கடைக்காரர் கன்சாகியே நேரில் வந்துவிட்டார். ஃபுசாயோ உள்ளேயிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினாள். மனிதர் வாய் மூடவில்லை.

"அடடா! வட்டம் ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு. என்ன அழகா விழுந்திருக்கு! எப்படிய்யா?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "தட்டு யார் வேணா செய்வான். எல்லாம் பாரத்துல இருக்கு. நம்ம பாரம் தனி."

அப்போதுதான் கூடை வெளியே வந்தது. துணி இல்லாமல்.

பின்னாலேயே வந்த ஃபுசாயோவை ஓரமாக இழுத்துக் காதில் கேட்டேன். "என்னடி இது?"

"பாரம்."

"பாரத்துக்கு எதுக்கு விளிம்பு?"

"எடுக்கிறப்போ விரல் பிடிக்க வேண்டாமா?"

"இது குவளை!"

"அது உசரமான பாரம்."

"இதோ, நாலு சோத்துக் கிண்ணம்!"

"அது குடும்பப் பாரம்ங்க. அதை எப்பவும் நான்தானே தூக்கிட்டு இருக்கேன்."

அவள் செய்த அந்தப் பாரங்களில் வைக்கோல் பட்ட இடமெல்லாம் செந்நூல் சுற்றினதுபோல் கோடு. ரோஷத்தை விட்டுச் சொல்கிறேன், என் தட்டைவிட அழகு. கத்தலாம் என்றால் விருந்தாளி பக்கத்தில் நிற்கிறார். அதற்குள் அவள் ஒரு குவளையைக் கழுவி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, பீர் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

கன்சாகி குடித்தார். கண்ணை மூடினார். "நுரை வெண்ணெய் மாதிரி நிக்குதும்மா! இந்தக் குவளை எத்தனை இருக்கு? எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்."

"விக்கிறதுக்கு இல்லைங்க. அது பாரம். அது இல்லாம இவருக்குத் தட்டு சுட வராது. இப்பத்தானே சொன்னார்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சொன்னீங்கதானே?"

"சொன்னேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"அப்ப சரி. வசந்தத்துக்கு இதே வட்டத்தோட முப்பது தட்டு வேணும்" என்றார் கன்சாகி. சூளையை இனி வருஷத்துக்கு இரண்டு தடவை மூட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவானது. முடிவெடுத்தது யார் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை வேலைக் கொட்டகைக்குள் போனேன். என் சக்கரத்துக்கு முன்னால் ஃபுசாயோ உட்கார்ந்திருந்தாள். மூலையில் மண் பிசையாமல் கிடந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிசைய உட்கார்ந்தேன். சக்கரத்தில் தொப்பையும் கழுத்துமாகக் கெண்டி மாதிரி ஏதோ எழும்பியது. அவள் தலை நிமிரவில்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"ஏங்க, மெத்துனு ஒரு உருண்டை குடுங்க. இந்தப் பாரத்துக்கு மூக்கு வைக்கணும்."